தூசி உறிஞ்சும் ரோபோவும் ஏழு பின் சாக்கெட்டும்

பழைய ரோபோ வாக்குவம் கிளீனர் ஒன்று எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலரின் கைக்கு வந்தால், அதை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். பிரித்துப் போட்டு மோட்டார், பேட்டரி, சென்சார் என்று உதிரிபாகமாக எடுத்துக்கொள்வது ஒரு வழி. உடலை அப்படியே வைத்துக்கொண்டு, தயாரித்தவர்களே விட்டுவைத்த சாக்கெட் வழியாக வெளியிலிருந்து கட்டளை அனுப்புவது இன்னொரு வழி. உள்ளே ஓடும் மென்பொருளின் பூட்டை உடைத்து, இயந்திரத்தைத் தன் வசமாக்கிக்கொள்வது மூன்றாவது வழி. இருபது ஆண்டுகளில் இந்த மூன்றும் நடந்திருக்கின்றன. ஆனால் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தச் சிப், எந்த போர்டு, என்ன விலை என்பதிலேயே நின்றுவிடுகிறது. இந்த இயந்திரத்தில் நமக்குக் கிடைக்கும் பெரிய சொத்து, விழாமலும் முட்டி நொறுங்காமலும் மோட்டாரை எரிக்காமலும் ஓடத் தெரிந்த அதன் அடிமட்டக் கட்டுப்பாடுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த அடிமட்டத்தோடு எப்படிப் பேசுவது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, இல்லையா என்பதில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது.

உடனே ஒரு கேள்வி எழும். இரண்டு சக்கர ரோபோ கிட் மலிவாகக் கிடைக்கும்போது இதற்காக மெனக்கெடுவானேன்? அப்படிப்பட்ட கிட்டைப் பூட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். மஞ்சள் நிற பிஓ மோட்டார்கள் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் கொடுத்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். பலரும் மாட்டும் எல்298என் டிரைவர் போர்டு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிச் சூடாகிவிடும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று சொல்ல என்கோடர் இருக்காது. மேசை விளிம்பு வந்தால் நிற்கத் தெரியாது. சார்ஜ் இறங்கினால் கழற்றி எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதற்குள் மாணவரின் விடுமுறை முடிந்துவிடுகிறது. வரைபடம் போடுவது, வழி கண்டுபிடிப்பது, பொருளை அடையாளம் காண்பது என்று அவர் செய்ய நினைத்த வேலை தொடங்காமலே போகிறது.

வீட்டைப் பெருக்கும் ரோபோவில் இவையெல்லாம் தீர்த்து வைக்கப்பட்ட கணக்குகள். ரூம்பா என்ற வாக்குவம் ரோபோவின் 600 வரிசை உடலைக் கொண்டு 2014-இல் ஐரோபோட் நிறுவனம் வெளியிட்ட கிரியேட் 2-ஐ எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 72 மில்லிமீட்டர். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 235 மில்லிமீட்டர். சக்கரம் ஒருமுறை சுற்றினால் என்கோடர் 508.8 எண்ணிக்கை காட்டும். அதாவது ஒரு எண்ணிக்கை என்பது தரையில் சுமார் 0.44 மில்லிமீட்டர் நகர்வு. கீழே பள்ளத்தைப் பார்க்கும் அகச்சிவப்பு சென்சார்கள் நான்கு, முன்னால் இடிப்பை உணரும் பம்பர், சக்கரம் தொங்கினால் தெரிவிக்கும் சுவிட்ச், சார்ஜ் மேடையைத் தானே தேடிப்போய் அமரும் திறன் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. லட்சக்கணக்கில் தயாராகும் வீட்டுச் சாமான் என்பதால்தான் இவ்வளவும் அதன் விலைக்குள் அடங்குகிறது. ஓர் ஆர்வலர் தனியாக வாங்கிச் சேர்த்தால் அடங்காது.

இந்த இயந்திரத்தின் அமைப்புக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ரூம்பாவைத் தயாரித்த ஐரோபோட்டை 1990-இல் தொடங்கிய மூவரில் ஒருவர், எம்ஐடி பேராசிரியர் ராட்னி புரூக்ஸ். ரோபோ முதலில் உலகம் முழுவதையும் வரைபடமாக்கி, திட்டம் போட்டு, அப்புறம்தான் அசைய வேண்டும் என்ற அன்றைய வழக்கத்தை அவர் 1986-இல் எழுதிய கட்டுரையில் மறுத்தார். இடித்தால் திரும்பு, பள்ளம் தெரிந்தால் நில் என்பது போன்ற எளிய அனிச்சைச் செயல்கள் கீழடுக்கில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும். சிக்கலான நோக்கங்கள் அதன்மேல் அடுக்கடுக்காக ஏறட்டும். மேலடுக்கு குழம்பினாலும் கீழடுக்கு தன் வேலையைச் செய்யும் என்றார். 2002-இல் விற்பனைக்கு வந்த ரூம்பா அந்தச் சிந்தனையின் வீட்டுப் பிள்ளை. அதில் வரைபடம் கிடையாது. அனிச்சைகளை வைத்துக்கொண்டே அறை முழுவதும் சுற்றியது. ஆர்வலர்கள் பின்னாளில் அதன்மேல் தங்கள் சொந்த அடுக்கை ஏற்ற முடிந்ததற்கு, முதலிலிருந்தே அது அடுக்காகக் கட்டப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றொரு காரணம் ஓர் ஆவணம். விற்பனைக்கு வந்த புதிதிலேயே ஆர்வலர்கள் ரூம்பாவைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தடுப்பதற்குப் பதிலாக, 2005-இன் கடைசியில் ஐரோபோட் தன் சீரியல் கட்டளை முறையை வெளியிட்டது. உடலில் ஏழு பின் கொண்ட ஒரு சிறு வட்டச் சாக்கெட். முதல் இரண்டு பின்னில் பேட்டரியின் மின்சாரம் வருகிறது. மூன்றாவது ரோபோ கேட்பதற்கு, நான்காவது பேசுவதற்கு. ஐந்தாவது அதை எழுப்புவதற்கும் வேகத்தை மாற்றுவதற்கும். கடைசி இரண்டும் கிரவுண்ட். இதில் மூன்று ஒயரைச் சொருகினால் போதும், ஆர்டுயினோவோ ராஸ்பெரி பையோ அதன் மூளையாகிவிடும். ராஸ்பெரி பை 3.3 வோல்ட்டில் பேசுவது. ரூம்பாவின் சிக்னல் 5 வோல்ட். ஆகவே ரூம்பாவிலிருந்து வரும் ஒயரில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்த பிறகே பையில் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் பையின் பின் கருகிப்போக வாய்ப்புண்டு.

கட்டளைகளும் அதே அளவு எளிமையானவை. 128 என்ற பைட் பேச்சைத் தொடங்கும். 137 என்றால் ஓடு. அதன்பின் வேகத்துக்கு இரண்டு பைட், திரும்பும் ஆரத்துக்கு இரண்டு பைட். 137, 255, 56, 1, 244 என்று ஐந்து எண்களை வரிசையாக அனுப்பினால், ரோபோ விநாடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில், 500 மில்லிமீட்டர் ஆர வளைவில் பின்னோக்கி நகரும். மைனஸ் 200 எப்படி 255, 56 ஆனது, 500 எப்படி 1, 244 ஆனது என்று ஒரு மாணவர் தாளில் போட்டுப் பார்த்தால், இரண்டின் நிரப்பி முறையும் மேல் பைட், கீழ் பைட் பிரிவும் அன்றைக்கே மனத்தில் பதிந்துவிடும். எழுதிய விடை சரியா என்பதைத் தரையே சொல்லிவிடுகிறது. என்கோடர் எண்ணிக்கையும் இப்படி ஒரு பாடம் வைத்திருக்கிறது. அது 16 பிட் எண். குறியோடு வாசித்தால் 32,767-ஐத் தொட்டவுடன் மைனஸ் 32,768-க்குத் தாவும். பூஜ்யத்திலிருந்து கிளம்பிய ரோபோ ஏறக்குறைய 14.5 மீட்டர் ஓடியதும் இது நடக்கும். அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல், திடீரென்று ரோபோ இருபத்தொன்பது மீட்டர் பின்னால் குதித்துவிட்டதாக நம்பும். சிறிய அறையில் சோதித்தவருக்கு வராத பிழை, நீண்ட கூடத்தில் ஓட்டியவருக்கு வரும்.

இந்த ஆவணத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இரண்டு கட்டளைகளை. 131 அனுப்பினால் ரோபோ பாதுகாப்பு நிலைக்குப் போகும். ஓட்டுவது நீங்கள்தான், ஆனாலும் முன்னே போகும்போது பள்ளம் தெரிந்தாலோ, சக்கரம் தொங்கினாலோ, சார்ஜரில் செருகினாலோ, அது உங்கள் கட்டளையைத் தள்ளிவிட்டு மோட்டாரை நிறுத்திவிடும். 132 அனுப்பினால் முழு நிலை. அப்போது படிக்கட்டில் உருண்டாலும் பொறுப்பு உங்களுடையது. எந்தப் பாதுகாப்பு எந்த எண்ணோடு கழன்றுபோகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் வீட்டுச் சாமான் அரிது. மாணவர் 131-இல் இருந்தபடி பிழை மேல் பிழை செய்து கற்கலாம், இயந்திரம் எளிதில் உடையாது. புரூக்ஸ் சொன்ன கீழடுக்கு இங்கே ஒரு பள்ளி ஆசிரியரைப் போல நிற்கிறது.

இப்படி எல்லாம் ஆயத்தமாகக் கிடைத்தால் மாணவர் அடிப்படையைக் கற்கவே மாட்டாரே என்று மின்னணுவியல் ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மோட்டார் டிரைவரை எரித்துப் பார்க்காதவருக்கு மின்னோட்டத்தின் மதிப்பு தெரியாது என்பதும் உண்மைதான். மோட்டார் கட்டுப்பாட்டைக் கற்பதுதான் நோக்கம் என்றால் அந்த மஞ்சள் மோட்டார் கிட்டே சரியான கருவி. ஆனால் திறந்த கதவு கீழே இறங்கவும் வழி தருகிறது. பின்னால் வந்த பதிப்புகளில் 146 என்ற கட்டளை உண்டு. வேகக் கட்டுப்பாட்டை ஒதுக்கிவிட்டு, மோட்டாருக்குப் போகும் துடிப்பின் அகலத்தை மைனஸ் 255 முதல் 255 வரை நேரடியாகக் கொடுக்கலாம். என்கோடரை வாசித்துக்கொண்டே பிழையைக் கண்டு வேகத்தைத் திருத்தும் பிஐடி கட்டுப்பாடு ஒன்றைச் சொந்தமாக எழுதி, தயாரிப்பாளரின் 137-ஓடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தன் நிரல் கோணலாக ஓட, அதே சக்கரங்கள் 137-இல் நேராக ஓடுவதைப் பார்ப்பதும் நல்ல பாடந்தான்.

ஆவணம் வெளியானதன் விளைவு விரைவாகவே தெரிந்தது. 2006-இல் டாட் கர்ட் என்பவர் ரூம்பாவை மாற்றியமைப்பது பற்றி முழுப் புத்தகமே எழுதினார். 2007-இல், உறிஞ்சும் பாகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமான் வைக்கத் தட்டு அமைத்த கிரியேட் வந்தது. 2010-இல் அமெரிக்காவின் வில்லோ கராஜ் ஆய்வகத்தில் மெலோனி வைஸ், டல்லி ஃபூட் இருவரும் அந்தக் கிரியேட்டின்மேல் மரத் தட்டுகளை அடுக்கி, அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த கினெக்ட் கேமராவையும் ஒரு சிறு மடிக்கணினியையும் ஏற்றி, ரோபோக்களுக்கான ஆர்ஓஎஸ் மென்பொருளில் ஓட்டினார்கள். அதுதான் டர்டில்பாட். உலகெங்கும் கல்லூரிகளில் ஆர்ஓஎஸ் கற்பிக்கும் நிலையான வண்டியாக அது ஆனது. 2022-இல் வந்த டர்டில்பாட் 4-இன் அடிப்பகுதியும் அதே பரம்பரையில் வந்த கிரியேட் 3-தான். மரத்தட்டும் கேமராவும் யார் வேண்டுமானாலும் பூட்டியிருக்கலாம். தரையில் ஓடும் பகுதியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாமல் செய்தது அந்தக் கட்டளைப் பட்டியல்.

பாகத்தைப் பிரித்தெடுக்கும் வழிக்கு மிக நல்ல உதாரணம் நீட்டோ. 2010-இல் 399 டாலருக்கு வந்த நீட்டோ எக்ஸ்வி-11, தலைமேல் சுழலும் லேசர் தூரமானியோடு, அதாவது லைடாரோடு, வந்த வீட்டு ரோபோ. ஆய்வகங்களில் இருந்த லைடார்கள் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் இருந்த காலம் அது. ஒரு லைடாரின் விலைக்குள் பல ரோபோக்களையே வாங்கிவிடலாம் என்றதும் ஆர்வலர்கள் பரிசுத்தொகை அறிவித்து அதன் மொழியை அவிழ்க்கப் போட்டி வைத்தார்கள். சில வாரங்களிலேயே அவிழ்ந்தது. ஒவ்வொரு பொட்டலமும் 22 பைட். ஒவ்வொன்றிலும் நான்கு தூரங்கள். 90 பொட்டலம் சேர்ந்தால் 360 பாகை. விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று. ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது, பிரித்தெடுக்காமலே அந்தத் தகவலைப் பெற முடிந்தது என்பதுதான். நீட்டோவின் யுஎஸ்பி துளையில் கேபிளைச் சொருகி, எழுத்தில் சில கட்டளைகள் தட்டினால் 360 வரிகளில் கோணமும் தூரமும் கொட்டும். லைடாரைப் பிடுங்கி எடுத்தவருக்கு ஒரு சென்சார் மிஞ்சியது. கேபிள் சொருகியவருக்கு சென்சாரும் சக்கரமும் சார்ஜ் மேடையும் மிஞ்சின.

மூன்றாவது வழிக்கு வருவோம். வைஃபையும் செயலியும் வந்த பிறகு, தயாரிப்பாளர்களின் கதவு சாக்கெட்டிலிருந்து சர்வருக்கு மாறிவிட்டது. வீட்டுக்குள் ஓடும் ரோபோவைக் கூப்பிட வேண்டும் என்றால் கட்டளை வேறொரு நாட்டுச் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். 2017 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த 34-ஆவது கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் டென்னிஸ் கீஸ், டேனியல் வெகமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஷாவ்மியின் ரோபோவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே நான்கு கோர் பிராசஸர், 512 எம்பி நினைவகம், உபுண்டு 14.04, தனியாக மோட்டார்களைக் கவனிக்க ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி. உள்ளே நுழைய அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, சமையலறை அலுமினியத் தாள். அதை பிராசஸருக்கும் போர்டுக்கும் இடையில் செருகி, மென்பொருள் இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பகத்துக்குப் போகும் தடங்களைக் குறுக்கிணைத்தால், சிப் தன் வழக்கமான மென்பொருளைக் காணாமல் யுஎஸ்பி வழியாக உதவி கேட்கும். பிறகு அதைவிட எளிய வழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக வந்த வாலெட்டுடோ என்ற இலவச மென்பொருள், கம்பெனி சர்வர் இல்லாமல் வீட்டு வலைக்குள்ளேயே பல ரோபோக்களை ஓட்ட வழிசெய்கிறது.

பூட்டை உடைத்து உள்ளே போய், எதை வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் பெற்றவர்களும் அடிமட்டக் கட்டுப்பாட்டில் கை வைக்கவில்லை என்பது என் வாதத்துக்கு வலுவான சான்று. வாலெட்டுடோ வழிகாணும் நிரலை மாற்றுவதில்லை, மோட்டார் கட்டுப்பாட்டைத் தொடுவதில்லை. சர்வர் இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. பல மனித ஆண்டுகளின் உழைப்பில் முறுக்கேறிய கீழடுக்கைத் திருப்பி எழுதுவது வீண் என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். அப்படியென்றால் அவர்கள் அலுமினியத் தாளோடு போராடியது எதற்காக? 2005-இல் ஏழு பின் சாக்கெட்டில் சும்மா கிடைத்த, கீழடுக்கோடு பேசும் அதே எல்லைக்கோட்டை அடைவதற்காக. இந்தப் போராட்டத்தில் இடையில் தவறினால் இயந்திரம் செயலிழந்து வெறும் செங்கல்லாகிவிடும் ஆபத்து வேறு. புதியவர் ஒருவர் இந்த வழியில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இந்த வழியே கூடாது என்போரோடும் உடன்பட முடியாது. 2020-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த லைடார்ஃபோன் ஆய்வை எண்ணிப் பாருங்கள். மாற்றியமைத்த ரோபோவின் லேசர், ஒலியால் அதிரும் குப்பைத்தொட்டி போன்ற பொருள்களில் பட்டுத் திரும்பும் விதத்தைக் கொண்டே அறையில் ஒலித்த எண்களைச் சுமார் 91 விழுக்காடு சரியாக இனம் காண முடிந்தது. மைக்கே இல்லாத இயந்திரமும் ஒட்டுக்கேட்கலாம் என்பது, யாரோ பூட்டைத் திறந்து பார்த்ததால்தான் நமக்குத் தெரியவந்தது.

பாதுகாப்பைக் காரணம் காட்டியே பூட்டுகிறோம் என்பது தயாரிப்பாளர்களின் பதில். கேமராவோடு வீட்டுக்குள் திரியும் இயந்திரத்தைத் திறந்துவிடலாமா என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் ஒயர் சொருகிப் பேசும் சாக்கெட்டுக்கு, திருடன் வீட்டுக்குள் வந்து ரோபோவைக் கையில் எடுக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் ஆபத்து, கம்பெனிகள் தாங்களே வைத்த கம்பியில்லாக் கதவு வழியாகத்தான் வருகிறது. 2024-இல் ஈகோவாக்ஸ் ரோபோக்களில் நூறு மீட்டருக்கும் அப்பாலிருந்து புளூடூத் வழியே நுழைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் சில வீடுகளில் ரோபோக்கள் அந்நியர் வசப்பட்டு, ஸ்பீக்கரில் வசைபாடிய செய்தியும் வந்தது. உரிமையாளரை வெளியே நிறுத்திய பூட்டு, அந்நியரை நிறுத்தவில்லை. வணிக ரகசியம் போய்விடும் என்ற அச்சத்துக்கும் 2005-இன் ஆவணமே பதில்: அதில் ரூம்பா எப்படி அறையைச் சுற்றுகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் 2018 முதல் வீட்டுச் சாதனங்களைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் மென்பொருள் பூட்டைத் திறக்க விலக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டுடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. வாரண்டி போய்விடலாம். அதனால் வாரண்டி முடிந்த இயந்திரத்தில் கைவைப்பதே முறை. சட்டத்தைவிட அஞ்ச வேண்டியது பேட்டரிக்கு. பழைய ரூம்பாவின் 14.4 வோல்ட் நிக்கல் பேட்டரி தவறை ஓரளவு பொறுக்கும். லித்தியம் பேட்டரி பொறுக்காது. அதன் காப்பு போர்டைத் தாண்டி ஒயர் இழுப்பதும், உப்பிய செல்லை மீண்டும் சார்ஜ் போடுவதும் எந்தப் ப்ராஜெக்டுக்காகவும் செய்யக் கூடாதவை.

காலம் இன்னொரு சான்றையும் சேர்த்துவிட்டது. நீட்டோ 2023-இல் மூடப்பட்டது. ஐரோபோட்டை 170 கோடி டாலருக்கு வாங்க அமேசான் போட்ட ஒப்பந்தம் 2024 ஜனவரியில் முறிந்தது. 2025 டிசம்பரில் ஐரோபோட் திவால் பாதுகாப்பு கோரியது. சர்வரை நம்பிய வசதிகளெல்லாம் இனி யார் கையிலோ. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய நீட்டோவில் கேபிளைச் சொருகினால் இன்றும் 360 வரி கொட்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய ரூம்பாவுக்கு 128 அனுப்பினால் இன்றும் கட்டளையைக் கேட்கத் தொடங்கும். அவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பழைய ரோபோ வாங்கப் போகிறவர்கள் உறிஞ்சும் திறனையும் தோற்றத்தையும் பார்க்கும் முன், மேல் மூடிக்கு அடியில் அந்த ஏழு பின் சாக்கெட் இருக்கிறதா, சக்கரங்கள் இரண்டும் கையால் சுற்றினால் சமமாகச் சுற்றுகின்றனவா, பேட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி ஆய்வகத்துக்குப் புதிதாக வாங்குவோர், விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே கட்டளை ஆவணம் தருவீர்களா என்ற கேள்வியையும் எழுதி அனுப்புங்கள். பத்து கல்லூரிகள் கேட்டால் ஒரு தயாரிப்பாளராவது பதில் எழுதுவார்.